ஓய்வூதியக் கணக்கை யார் பார்ப்பது?

மன்னார்ப் பெருநிலப்பரப்பில் நாம் பணியாற்றிய ஒரு பங்கில், ஒரே வேலியின் இரு பக்கமும் இரண்டு வயோதிபர்கள் குடியிருந்தார்கள். ஒருவர் இளைப்பாறிய ஆசிரியை. மற்றவர் கொழும்பில் தனியார் கம்பனி ஒன்றில் 27 ஆண்டுகள் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். ஆசிரியைக்கு மாதந்தோறும் ஓய்வூதியம் வங்கிக்கு வந்துவிடும். களஞ்சியக்காரருக்கு 55 வயதில் ஊழியர் சேமலாப நிதிப் பணம் மொத்தமாகக் கிடைத்தது. அதில் வீட்டுக்கு ஓடு போட்டார். இளைய மகளுக்குக் கலியாணம் செய்துவைத்தார். மீதியை ஒரு பழைய லான்ட்மாஸ்டரில் போட்டார். ஐந்து வருடத்தில் கையில் ஒன்றுமில்லை.

ஒரு நாள் அவர் எம்மிடம் கேட்டார்: "சுவாமி, ரீச்சர் மாசம் பிறந்தா பாங்குக்குப் போறா. நான் மகன்ர கையைப் பாத்துக்கொண்டிருக்கிறன். நானும் அவவைப்போலத்தானே பாடுபட்டனான்?"

அவர் ஊதாரி அல்ல. வீடும் மகளின் கலியாணமும் எவருக்கும் இருக்கக்கூடிய தேவைகளே. அவருக்கும் ஆசிரியைக்கும் உள்ள வித்தியாசம் குணத்தில் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது. ஆசிரியையின் ஓய்வூதியம் ஒரு வாக்குறுதி. கடைசிச் சம்பளத்தையும் சேவைக் காலத்தையும் கொண்டு தொகை முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகிறது. அவர் 70 வயது வரை இருந்தாலும் 95 வயது வரை இருந்தாலும் அது வந்துகொண்டே இருக்கும். களஞ்சியக்காரருக்குக் கிடைத்தது ஓர் உண்டியல். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி தொழிலாளி 8 வீதமும் முதலாளி 12 வீதமும் போடுகிறார்கள். உடைக்கும் நாளில் உள்ளே என்ன இருக்கிறதோ அதுதான். விலைவாசி ஏறினால், வட்டி இறங்கினால், ஆயுள் நீண்டால், நட்டம் முழுவதும் அவருடையது. முதல் முறையில் அந்த ஆபத்தைத் தொழில் கொடுப்பவர் சுமக்கிறார். இரண்டாவதில் தொழிலாளி தனியே சுமக்கிறார். ஓய்வூதியம் பற்றி உலகெங்கும் நடக்கும் தகராறுகளில் பெரும்பாலானவை இந்தச் சுமையை யார் தோளில் வைப்பது என்பது பற்றியவையே.

அண்மைக் காலத்தில் இப்படியொரு தகராறை மிக நீண்ட காலம் நடத்தியவர்கள் பிரித்தானியப் பல்கலைக்கழக ஆசிரியர்கள். கிராம அபிவிருத்தி பேசும் சஞ்சிகையில் பேராசிரியர்களின் சம்பளக் கதை எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். அவர்கள் ஏழைகள் அல்லர் என்பது உண்மைதான். ஆனால் அவர்களுடைய சங்கம் செய்த ஒரு காரியத்தை எமது சங்கங்களும் சங்கமே இல்லாத எமது மக்களும் அறிந்திருப்பது நல்லது. அவர்கள் தெருவில் நின்றதோடு நிற்கவில்லை. கணக்குப் புத்தகத்தையும் திறந்து பார்த்தார்கள்.

பிரித்தானியாவின் பழைய பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான ஓய்வூதிய நிதியம் ஒன்று 1970களின் நடுப்பகுதியில் இருந்து இருக்கிறது. முதலில் அது கடைசிச் சம்பளத்தை வைத்து ஓய்வூதியம் கொடுத்தது. 2011இல் புதிதாகச் சேர்பவர்களுக்கும் 2016இல் அனைவருக்கும் அம்முறை நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு வருடமும் உழைக்கும் சம்பளத்தில் 75இல் ஒரு பங்கு, பிற்கால வருட ஓய்வூதியமாகச் சேரும் என்று வைத்தார்கள். ஒருவர் வருடத்துக்கு 30,000 பவுண் சம்பளம் பெற்றால், அந்த ஒரு வருட உழைப்புக்காக, ஓய்வு பெற்றபின் ஆண்டுதோறும் 400 பவுண் கிடைக்கும். அடுத்த வருடம் இன்னொரு 400. இது முன்னையதிலும் குறைந்ததுதான். ஆயினும் வாக்குறுதி வாக்குறுதியாகவே இருந்தது.

2017 நவம்பரில் பல்கலைக்கழக நிர்வாகங்களின் அமைப்பு ஒரு யோசனையை முன்வைத்தது. நிதியத்தில் பெரும் பற்றாக்குறை இருக்கிறது. ஆகவே ஏற்கெனவே சேர்ந்ததைத் தொடமாட்டோம், ஆனால் இனிமேல் சேர்வது எல்லாம் உண்டியல் முறைதான் என்றார்கள். முதலாளிகள் தரப்பில் ஐவரும் சங்கத் தரப்பில் ஐவரும் இருந்த கூட்டுக் குழுவில் 2018 ஜனவரி 23ஆம் திகதி, தலைவரின் வாக்கினால் அது நிறைவேறியது. சங்கம் அமர்த்திய கணக்கியல் வல்லுநர்கள், சாதாரண விரிவுரையாளர் ஒருவர் முதுமையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 பவுண் இழப்பார் என்று மதிப்பிட்டார்கள்.

பெப்ரவரி 22ஆம் திகதி அறுபதுக்கு மேற்பட்ட பல்கலைக்கழகங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. நான்கு வாரங்களில் 14 நாட்கள். வேலைசெய்யாத நாளுக்குச் சம்பளம் இல்லை. அந்த வருடம் பெப்ரவரிக் கடைசியிலும் மார்ச் தொடக்கத்திலும் அங்கே கடும் பனி கொட்டியது. அதற்குள் நின்றுதான் மறியல் செய்தார்கள். வகுப்பை இழந்த மாணவர்களில் பலர் ஆசிரியர்களுக்கு எதிராகத் திரும்பாமல் அவர்களோடு நின்றார்கள். மார்ச் 12ஆம் திகதி சங்கத் தலைமை ஓர் இணக்கப்பாட்டுடன் வெளியே வந்தது. மறுநாளே கிளைகள் அதை நிராகரித்தன. இலண்டனில் சங்கத்தின் தலைமையகத்துக்கு முன்னாலேயே உறுப்பினர்கள் கூடி நின்று வேண்டாம் என்றார்கள். தலைவர்கள் கொழும்பில் கையெழுத்திட்டபின் தோட்டத்தில் இருப்பவர்கள் வானொலியில் கேட்டு அறிந்துகொள்ளும் வழக்கத்துக்குப் பழகிய எமக்கு, இது கொஞ்சம் பொறாமை தரும் செய்தி.

அந்தப் பற்றாக்குறை எங்கிருந்து வந்தது என்பதுதான் இக்கதையின் நடுப்பகுதி. இதை எமது விவசாயிகள் பேராசிரியர்களைவிட விரைவில் விளங்கிக்கொள்வார்கள் என்று நாம் நினைக்கிறோம்.

காலபோகத்துக்கு முன் குளத்தடியில் நடக்கும் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். குளத்தில் இத்தனை அடி நீர் நிற்கிறது. எத்தனை ஏக்கர் விதைக்கலாம்? ஓர் அதிகாரி சொல்கிறார்: இனிமேல் ஒரு துளி மழையும் பெய்யாது, வாய்க்காலில் நீர் வராது, வெயிலோ கடுமையாக இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பாதி வயலைத்தான் விதைக்கலாம். விவசாயி சொல்கிறார்: ஐயா, நாற்பது வருடமாக நான் பார்க்கிறேன், ஐப்பசியில் மழை வராமல் விட்டது எத்தனை தரம்? இரண்டு பேரும் ஒரே குளத்தைத்தான் பார்க்கிறார்கள். நீர்மட்டமும் ஒன்றுதான். வேறுபடுவது, வரப்போவதைப் பற்றிய எண்ணம். அந்த எண்ணமே ஏக்கர்க் கணக்காக மாறுகிறது.

ஓய்வூதிய நிதியத்திலும் அப்படித்தான். இன்று 30 வயதில் இருப்பவருக்கு 60 வருடம் கழித்துக் கொடுக்கவேண்டிய பணத்துக்காக இன்று எவ்வளவு வைத்திருக்க வேண்டும்? முதலீடு நன்றாக வருமானம் தரும் என்று எண்ணினால் கொஞ்சம் போதும். மிகவும் குறைவாகவே தரும் என்று எண்ணினால் மலைபோல வேண்டும். பிரித்தானிய நிதியம் தன் முதலீடுகளைப் படிப்படியாகப் பாதுகாப்பான, ஆனால் வருமானம் குறைந்த அரச பிணைமுறிகளுக்கு மாற்றப்போவதாக வைத்துக்கொண்டு கணக்கிட்டது. அப்படி மாற்றுவதாக எண்ணியதே பற்றாக்குறையைப் பெருக்கியது. சங்கத்திலிருந்த கணித ஆசிரியர்களும் புள்ளிவிபரவியலாளர்களும் ஆவணங்களைக் கேட்டு வாங்கி, வரி வரியாகப் படித்து, எங்கே எந்த எண் எந்த ஊகத்தில் இருந்து வந்தது என்று வெளியிட்டார்கள். முதலாளிகளின் விருப்பத்தை அறிய நடத்தப்பட்ட கருத்தறிதலில் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் கல்லூரிகள் பல தனித்தனி நிறுவனங்களாக எண்ணப்பட்டிருந்ததும் அப்போதுதான் தெரியவந்தது. அதாவது, பெரிய பல்கலைக்கழகம் ஒன்றும் சிறிய கல்லூரி ஒன்றும் ஒரே எடையில் நின்றன.

இரு தரப்பும் நியமித்த நிபுணர்களைக் கொண்ட குழுவொன்று அமைக்கப்பட்டது. உண்டியல் முறை யோசனை கைவிடப்பட்டது. அக்குழு 2018 செப்ரெம்பரில் அறிக்கை தந்தது. அப்போது முதலாளியும் தொழிலாளியுமாகச் சம்பளத்தின் 26 வீதத்தைக் கட்டிவந்தார்கள். இருப்பதை அப்படியே காப்பாற்ற 36.6 வீதம் வேண்டும் என்றது நிதியம். 29.2 வீதம் போதும் என்றது குழு. ஒரே நிதியம், ஒரே மனிதர்கள், ஒரே ஓய்வூதியம்; ஆனால் எண்கள் இரண்டு.

மறுபக்கத்தின் நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். 1991இல் பத்திரிகை முதலாளி ரொபர்ட் மக்ஸ்வெல் இறந்தபின், அவருடைய கம்பனித் தொழிலாளரின் ஓய்வூதிய நிதிகளில் இருந்து கோடிக்கணக்கான பவுண்கள் எடுக்கப்பட்டிருந்தது தெரியவந்து அந்த நாடே அதிர்ந்தது. அதன்பின் வந்த சட்டங்கள் நிதியங்களைக் கவனமாகக் கணக்கிடச் சொல்கின்றன. கவனம் நல்லதே. மழையை நம்பி முழு வயலையும் விதைத்து அழிந்தவர்களையும் நாம் கண்டிருக்கிறோம். பல்கலைக்கழகங்கள் சிலவற்றுக்கு இன்னொரு பயமும் இருந்தது: ஒரு நிறுவனம் விழுந்தால் அதன் சுமை மற்றவற்றின் மேல் விழும். கேம்பிரிட்ஜின் செல்வம் மிக்க திரித்துவக் கல்லூரி 2019இல் ஏறத்தாழ 3 கோடி பவுண் கட்டி நிதியத்தைவிட்டு வெளியேறியது இந்தப் பயத்தால்தான். இருப்பவன் தன் பங்கைப் பிரித்துக்கொண்டு போனால் கூட்டுக் குடும்பம் என்ன ஆகும் என்பது எமக்குப் புதிய கேள்வி அல்ல.

அதே வருடம் நிதியத்தின் பொறுப்பாளர் சபையில் சங்கத்தின் நியமனத்தால் இருந்த புள்ளிவிபரவியல் பேராசிரியை ஜேன் ஹட்டன், தமக்கு வேண்டிய தரவுகள் மறுக்கப்படுகின்றன என்று ஓய்வூதிய ஒழுங்குபடுத்துநரிடம் முறையிட்டார். ஒக்டோபரில் அவர் சபையில் இருந்து நீக்கப்பட்டார். அவர் தமது கடமைகளை மீறினார் என்பது நிதியத்தின் விளக்கம். கணக்குக் கேட்பவர் வெளியே அனுப்பப்படுவது எமது கூட்டுறவுச் சங்கங்களிலும் நடப்பதுதான் என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறோம்.

போராட்டம் அத்தோடு முடியவில்லை. 2019 நவம்பரிலும் 2020 பெப்ரவரி, மார்ச்சிலும் மறுபடி வேலைநிறுத்தம். பிறகு கொள்ளைநோய் வந்தது. உலகச் சந்தைகள் விழுந்து கிடந்த 2020 மார்ச் 31ஆம் திகதியை வைத்து நிதியம் மீண்டும் கணக்கிட்டது. 14.1 பில்லியன் பவுண் பற்றாக்குறை என்று வந்தது. அதைக் காட்டி 2022 ஏப்ரலில் இருந்து ஓய்வூதியம் வெட்டப்பட்டது. 75இல் ஒரு பங்கு 85இல் ஒரு பங்காயிற்று. மேலே சொன்ன 400 பவுண் 353 ஆகியது. உயர்ந்த சம்பளத்தின் பெரும்பகுதி உண்டியலுக்கு மாற்றப்பட்டது. சங்கம் தோற்றுவிட்டது என்றே பலர் எழுதினார்கள். உறுப்பினர்கள் 2021 டிசெம்பரில் நின்றார்கள், 2022இல் நின்றார்கள், 2023இலும் நின்றார்கள்.

2023 மார்ச் 31ஆம் திகதிக் கணக்கு வந்தபோது 7.4 பில்லியன் பவுண் மிகை!

அந்த எண்களைச் சற்று நின்று பார்க்கவேண்டும். 2020இல் நிதியத்தில் இருந்த சொத்து 66.5 பில்லியன். 2023இல் 73.1 பில்லியன். சொத்து பெருத்தது கொஞ்சம்தான். ஆனால் கொடுக்கவேண்டியது என்று கணக்கிடப்பட்ட தொகை 80.6 பில்லியனில் இருந்து 65.7 பில்லியனாக இறங்கிவிட்டது. ஓய்வூதியர்கள் திடீரென்று குறைந்துவிடவில்லை. அரச பிணைமுறிகளின் வட்டி ஏறியது. அதனால் எதிர்கால வருமானம் பற்றிய எண்ணம் மாறியது. குளத்தைப் பார்த்த அதிகாரி இந்தத் தரம் மழை வரும் என்று எழுதினார், அவ்வளவே. 2024 ஏப்ரல் 1ஆம் திகதி முதல் பழைய முறை மீளக் கொடுக்கப்பட்டது. அதற்கு முன்னர் ஜனவரியிலேயே தொழிலாளரின் பங்களிப்பு 9.8 வீதத்தில் இருந்து 6.1 வீதமாகவும், முதலாளிகளின் பங்களிப்பு 21.6 வீதத்தில் இருந்து 14.5 வீதமாகவும் குறைக்கப்பட்டிருந்தன.

வட்டி ஏறியதுதான் காரணம், சங்கம் என்ன செய்தது என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. எமது பதில் இது: 2018இல் பனிக்குள் நின்றிராவிட்டால் வாக்குறுதி ஓய்வூதியம் மூடப்பட்டிருக்கும். மூடியதைத் திறப்பது மிக அரிது. 2023இல் மிகை வந்தபோது மீளக் கொடுப்பதற்கு ஒரு திட்டம் உயிரோடு இருந்ததே அந்த 14 நாட்களால்தான்.

அச்சங்கத்தைப் பற்றி எமக்கு ஒரு குறையும் உண்டு. அங்குள்ள இளம் விரிவுரையாளர்கள் பலர் சில மாத ஒப்பந்தங்களில் வேலைசெய்கிறார்கள். முழுமையான ஓய்வூதியம் சேருமளவுக்கு அவர்களுக்கு நிரந்தரமே கிடைப்பதில்லை. கூரை உள்ளவர்கள் கூரையைக் காப்பதற்கு அவர்களும் நின்றார்கள். அவர்களுடைய நிரந்தரத்துக்கான கோரிக்கையும் பின்னைய வேலைநிறுத்தங்களில் சேர்க்கப்பட்டது என்றாலும், ஓய்வூதியம் மீண்டதைப்போல அது மீளவில்லை.

இனி எமது பக்கத்துக்கு வருவோம். பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், முதுமைக்கால ஓய்வூதியத்தைத் தொழிலாளரின் உரிமைகளில் ஒன்றாக வைத்தார், தருமமாக வைக்கவில்லை. ஆனால் இந்நாட்டில் அது யாருக்குக் கிடைத்தது? அரச ஊழியர்களுக்கு உண்டு. விவசாயிகளுக்கு 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால் ஓர் ஓய்வூதியம் வந்தது. எமது ஊர்களில் பலர் நம்பிச் சந்தா கட்டினார்கள். பின்னர் நிதி வற்றி, கொடுப்பனவே சில காலம் நின்றுபோனது. வேலியருகே இருந்து புலம்பியவர்களைக் கண்டோம். கணக்கைக் கேட்கச் சங்கம் இல்லை.

2011இல் அரசாங்கம் தனியார் துறைக்கு ஓய்வூதியச் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தபோது கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத் தொழிலாளர்கள் அதை எதிர்த்தார்கள். ஓய்வூதியம் கொடுக்க வந்தால் வேண்டாம் என்கிறார்களே, படிப்பறிவு இல்லாதவர்கள் என்று நகரத்தில் சிலர் பேசினார்கள். படிப்பறிவு அந்தப் பெண்பிள்ளைகளிடம்தான் இருந்தது. தொழிலாளியிடம் இருந்து 2 வீதம், முதலாளியிடம் இருந்து 2 வீதம். பத்து வருடமாவது கட்டியிருந்தால்தான் 60 வயதில் ஓய்வூதியம். வலயத்துக்குப் போகும் கிராமத்துப் பெண் பொதுவாக ஐந்தாறு வருடம் உழைத்துவிட்டுக் கலியாணத்துக்காக ஊர் திரும்புகிறாள். அவள் கட்டுவாள், பெறமாட்டாள். இதை அவர்கள் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டார்கள். மே 30ஆம் திகதி பொலிசார் சுட்டதில் காயமடைந்த இளம் தொழிலாளி ஒருவர் ஜூன் 1ஆம் திகதி இறந்தார். பொலிஸ் மா அதிபர் பதவி விலகினார். சட்டமூலம் கைவிடப்பட்டது. அதன் பிறகும் தனியார் துறைத் தொழிலாளிக்கு மாத ஓய்வூதியம் வரவில்லை என்பதும் அந்தக் கதையின் மீதிப் பாதி.

அவர்களிடம் இருப்பது உண்டியல்தான். 2022 செப்ரெம்பரில் கொழும்பு விலைவாசி ஒரு வருடத்துக்குள் ஏறத்தாழ 70 வீதம் ஏறியிருந்தது. அந்த வருடத்துக்குச் சேமலாப நிதி கொடுத்த வட்டி 9 வீதம். அடுத்த வருடம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தது. நிதியிடம் இருந்த திறைசேரிப் பிணைமுறிகளை, முதலில் 12 வீதமும் பின்னர் 9 வீதமும் தரும் புதிய பிணைமுறிகளாக மாற்றவேண்டும். மறுத்தால் வருமானத்துக்கு 14 வீதத்துக்குப் பதில் 30 வீத வரி. வங்கிகளிடம் இருந்த பிணைமுறிகள் தொடப்படவில்லை. வங்கிகள் விழுந்தால் எல்லோரும் விழுவோம் என்ற விளக்கத்தில் உண்மை இருக்கலாம். ஆனால் சுமையை யார் தோளில் வைப்பது என்ற கேள்வி எழுந்தபோது, பேச வாயில்லாதவரின் தோள்தான் முதலில் தெரிந்தது. தொழிற்சங்கங்கள் தெருவுக்கு வந்தன, நீதிமன்றமும் சென்றன. 2023 ஜூலை 1ஆம் திகதி பாராளுமன்றம் அதை நிறைவேற்றியது. மாற்றமும் நடந்து முடிந்தது.

பங்கு மண்டபத்தில் இதைப் பற்றி ஒரு நாள் கருத்தரங்கு வைத்தோம். வருபவர்கள் தமது சேமலாப நிதிக் கணக்குக் கூற்றைக் கொண்டுவரவேண்டும் என்று கேட்டிருந்தோம். ஆடைத் தொழிற்சாலைகளில் இருந்து விடுமுறையில் வந்திருந்த பிள்ளைகளில் மூவர் மட்டுமே கொண்டுவந்தார்கள். மற்றவர்களுக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. கொண்டுவந்தவர்களில் ஒருத்தியின் கூற்றில் எட்டு மாதப் பங்களிப்பைக் காணவில்லை. சம்பளச் சீட்டில் ஒவ்வொரு மாதமும் 8 வீதம் கழிக்கப்பட்டிருந்தது. எமது களஞ்சியக்காரர்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கண்டுபிடித்தார். 27 வருடம் சரக்குப் புத்தகம் பார்த்த கண். அடுத்த திங்கட்கிழமை அந்தப் பிள்ளையோடு தொழில் திணைக்கள அலுவலகத்துக்குத் தாமே போவதாகச் சொல்லி, பஸ் நேரத்தை எம்மிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார்.